டாப் சர்ஜரிக்குப் பிறகு மறுபடியும் நடக்க, ஓட, எடை தூக்க: படிப்படியாக ஒரு வழிகாட்டி

மார்பைத் தட்டையாக்கும் டாப் சர்ஜரி செய்துகொண்ட திருநம்பிகளும், ஆண் பெண் என்ற இரண்டுக்குள் தங்களை அடக்கிக்கொள்ளாதவர்களும் மருத்துவரிடம் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "திரும்ப ஜிம்முக்கு எப்போ போகலாம்?" என்பது. சுருக்கமான பதில்: மெதுவான நடை அன்றைக்கே அல்லது மறுநாளே, கால் பயிற்சிகள் ஏறக்குறைய ஒரு மாதத்தில், ஓட்டம் ஆறு வாரத்தையொட்டி, தண்டாலும் பெஞ்ச் பிரஸ்ஸும் மூன்று மாதத்தையொட்டி. உங்கள் அறுவை மருத்துவர் வேறு கணக்குச் சொன்னால் அவர் சொல்வதுதான் கணக்கு. உள்ளே எவ்வளவு வெட்டினார், எப்படித் தைத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இந்த எண்களை மனப்பாடம் செய்வதைவிட அவை எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது. தெரியாதவர்கள்தான் ஐந்தாவது வாரத்தில், "எனக்கு ஒண்ணும் வலிக்கலையே" என்று டம்பலைத் தூக்குகிறார்கள்.

(மார்பில் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்ட திருநங்கைகளுக்கு இந்த அட்டவணை பொருந்தாது. இம்ப்ளான்ட் தசைக்கு அடியில் வைக்கப்பட்டிருந்தால் மார்புத் தசைக்கான கட்டுப்பாடுகளே வேறு.)

வலி இல்லை என்பது அனுமதி இல்லை

இந்த அறுவை சிகிச்சையில் மார்புத் திசுவை அகற்றி, மிச்சத் தோலைச் சீராக்கித் தைக்கிறார்கள். திசு அதிகமாக இருந்தால் மார்பின் கீழ் விளிம்பை ஒட்டி இரண்டு நீளமான கீறல்கள் போடுவார்கள். பெரும்பாலும் முலைக்காம்பை எடுத்துச் சிறிதாக்கிப் புதிய இடத்தில் ஒட்டுவார்கள். திசு குறைவாக இருந்தால் முலைக்காம்பைச் சுற்றியே சிறிய கீறல் போட்டு முடித்துவிடுவார்கள். எந்த முறையானாலும் அடியிலிருக்கும் பெரிய மார்புத் தசையை வெட்டுவதில்லை.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. தசை வெட்டுப்படாததால் பலம் சீக்கிரமே திரும்பிவிட்டது போலத் தோன்றும். தோல் அவ்வளவு வேகமாகத் தயாராவதில்லை. தைத்த தோலுக்கு முதல் வாரக் கடைசியில் அதன் பழைய உறுதியில் ஏறத்தாழ 3 சதவீதம்தான் இருக்கும். மூன்றாவது வாரத்தில் 20 முதல் 30 சதவீதம். மூன்று மாதம் கழிந்த பிறகே 80 சதவீதத்தை நெருங்கும். முழு நூறு ஒருபோதும் வராது, அது தேவையும் இல்லை. இடைப்பட்ட காலத்தில் காயத்தை இழுத்துக்கொண்டே இருந்தால் அது பெரும்பாலும் பிளந்துவிடாது. தழும்பு மெல்ல மெல்ல அகலமாகும், தடிக்கும். அன்றைக்கு எதுவும் தெரியாது, ஆறு மாதம் கழித்துக் கண்ணாடியில்தான் தெரியும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தோலுக்குப் போகும் மெல்லிய நரம்புகள் அறுவையில் வெட்டுப்படுகின்றன. அதனால் மார்பில் பெரும்பகுதி மாதக்கணக்கில் மரத்துப்போயிருக்கும். உணர்ச்சி ஓரளவு திரும்ப ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். சிலருக்குச் சில இடங்களில் திரும்பாமலேயே போகலாம். "வலித்தால் நிறுத்து" என்று உடற்பயிற்சியில் எல்லோரும் சொல்லும் அறிவுரை இங்கே பாதிதான் செல்லும். மரத்துப்போன இடம் வலிக்காது. வலித்தால் கட்டாயம் நிறுத்துங்கள். ஆனால் வலிக்கவில்லை என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாட்காட்டியையும் கண்ணாடியையும் நம்புங்கள்.

திடீரென மின்சாரம் பாய்ந்தது போலச் சுரீர் என்பதும், உள்ளுக்குள் அரிப்பதும், சொறிந்தால் அடங்காததும் நரம்பு மீண்டும் வளர்வதன் அறிகுறிகள். பயப்பட வேண்டியதில்லை.

அறுவைக்கு முன்பே செய்ய வேண்டியவை

கையை ஊன்றாமல் படுக்கையிலிருந்து எழப் பழகுங்கள். கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும். முதல் இரண்டு வாரத்தில் ஒரு நாளைக்குப் பல தடவை இதுதான் தேவைப்படும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, அந்த எடையாலேயே உடலை எழுப்ப வேண்டும். தொடையும் இடுப்பும் பலமாக இருந்தால் எளிது. எனவே அறுவைக்கு முந்தைய மாதங்களில் பஸ்கியும் நடையும் செய்து வைப்பது வீண் போகாது.

கண்ணாடி முன் நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டிலும் மேலேயும் எவ்வளவு தூரம் தூக்க முடிகிறது என்று படம் எடுத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து, "என் தோள் முன்பும் இப்படித்தான் இறுக்கமாக இருந்ததா?" என்று சந்தேகம் வரும்போது அந்தப் படம் பதில் சொல்லும்.

அன்றாடம் எடுக்கும் பொருட்களை இடுப்புக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் அடுக்கிவிடுங்கள். தலை வழியாகப் போடும் பனியனை ஒதுக்கி, முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டைகளை எடுத்து வையுங்கள்.

புகைப்பவராக இருந்தால் குறைந்தது நான்கு வாரம் முன்னதாகவே நிறுத்துங்கள், ஆறும் வரை தொடவே தொடாதீர்கள். நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். ஒட்டிய முலைக்காம்பு முதல் சில நாட்கள் அடியிலிருந்து வரும் ரத்தத்தை நம்பித்தான் உயிரோடு இருக்கிறது. நிகோட்டின் பேட்ச், வேப் எல்லாமே இதில் அடக்கம்.

மருத்துவரிடம் நான்கு கேள்விகளைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எத்தனை கிலோ வரை எத்தனை வாரம்? கையை எவ்வளவு உயரம் வரை தூக்கலாம், எப்போதிலிருந்து? மார்பை அழுத்திப் பிடிக்கும் இறுக்க உடுப்பு எத்தனை வாரம்? தண்ணீரில் மூழ்குவது எப்போது? மருத்துவருக்கு மருத்துவர் பதில் மாறும். கையைத் தூக்கும் விஷயத்தில் இந்த வித்தியாசம் பெரிது. சிலர் முதல் வாரமே இதமான அசைவை அனுமதிக்கிறார்கள். தழும்பு அகலாமல் இருக்க ஒரு மாதமோ அதற்கு மேலோ தோள் உயரத்தைத் தாண்டவே கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். நண்பரின் மருத்துவர் சொன்னதை உங்கள் உடம்புக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

முதல் வாரம்: நடையும் மூச்சும்

இந்த வாரத்தில் உடற்பயிற்சி என்றால் இரண்டுதான்.

ஒன்று நடை. மயக்கம் தெளிந்ததும், யாராவது கூட இருக்க, அறைக்குள் சில அடிகள். பிறகு விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு தடவை சில நிமிடங்கள். உடற்தகுதிக்காக இந்த நடை இல்லை. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு, அதைத் தடுக்கத்தான். மூச்சு வாங்கும் அளவுக்கு நடக்க வேண்டாம். முதல் நாட்களில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறினால் மூடிய சிறு ரத்தக் குழாய்கள் திறந்து, தோலுக்கு அடியில் ரத்தம் கட்டலாம்.

இரண்டாவது மூச்சு. இறுக்கிக் கட்டியிருப்பதால் மேலோட்டமாகவே மூச்சு விடத் தோன்றும். ஒரு நாளைக்குப் பல முறை, விலா விரிய, வயிறு உப்ப, மெதுவாக ஆழமாக இழுத்து விடுங்கள். இருமல் வந்தால் ஒரு சிறு தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமுங்கள்.

முழங்கைகள் விலாவை ஒட்டியே இருக்கட்டும். பல் துலக்கலாம், சாப்பிடலாம், போனைப் பார்க்கலாம். கனமான கதவைத் தள்ளுவது, இறுகிய மூடியைத் திருகுவது, தண்ணீர் நிறைந்த வாளியைத் தூக்குவது எல்லாம் வேறு யாராவது செய்யட்டும். பெரும்பாலான மருத்துவர்கள் முதல் சில வாரங்களுக்கு 2 முதல் 4.5 கிலோவுக்குள் எல்லை வைக்கிறார்கள். வீட்டில் குழந்தையோ நாயோ இருந்தால், அவர்கள் இந்த எல்லையைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள் என்பதை முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

மலச்சிக்கலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வலிக்குக் கொடுக்கும் வலுவான மாத்திரைகள் குடலை மந்தமாக்கும். மூச்சைப் பிடித்து முக்குவது, கனமான எடை தூக்குவதைப் போலவே ரத்த அழுத்தத்தை ஏற்றும். நிறையத் தண்ணீர், நார்ச்சத்து, தேவைப்பட்டால் மருத்துவர் தரும் மலமிளக்கி. வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

உள்ளே ஊறும் நீரையும் ரத்தத்தையும் வெளியே வடிக்கும் ட்ரெய்ன் குழாய் வைத்திருந்தால், 24 மணி நேரத்தில் வடியும் அளவு ஏறத்தாழ 30 மில்லிக்குக் கீழே வந்ததும் எடுப்பது வழக்கம். பெரும்பாலும் ஒரு வாரத்தையொட்டி நடக்கும். அதிகமாக நடமாடினால், கையை ஆட்டினால் வடிவது கூடும். குழாயை எடுத்த பிறகும் உள்ளே நீர் கோர்க்கலாம். தொட்டால் தளும்புவது போல இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், ஊசியால் எடுத்துவிடுவார்.

இவை வந்தால் காத்திருக்கக் கூடாது:

- ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி, இறுகி, வலி கூடுவது. முதல் இரண்டு நாட்களில் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு அதிகம், ஆனால் பிறகும் வரலாம்.
- 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ், துர்நாற்றம்.
- ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும்.
- திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்துவது. இதற்கு நேராக அவசர சிகிச்சைப் பிரிவுதான்.

இரண்டாவது, மூன்றாவது வாரம்

நடையைக் கூட்டுங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். 10 நிமிடத்தில் தொடங்கி, 30 நிமிடம் வரை கொண்டுபோகலாம். மேடு, படிக்கட்டு எல்லாம் மூச்சு வாங்காத அளவில். வியர்க்க வேண்டாம். இறுக்க உடுப்புக்குள், ஒட்டிய முலைக்காம்பின் மேல் வியர்வை ஊறுவது நல்லதில்லை.

மருத்துவர் அனுமதித்திருந்தால் தோளைத் தொடங்கலாம். தோளைக் காதுவரை தூக்கி இறக்குவது, பின்னால் மெதுவாகச் சுழற்றுவது, சுவரில் விரல்களை ஊர்ந்து ஏற்றுவது. எல்லாம் இழுப்பு தெரிகிற இடத்துக்கு முன்பே நிற்க வேண்டும். ஒரு கையை ஓரளவு தூக்கலாம் என்றாலும் இரண்டையும் சேர்த்து விரிப்பது அதிகமாக இழுக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

பயந்து கையை ஒட்டவைத்தே வாரக்கணக்கில் இருப்பவர்களும் உண்டு. அதுவும் ஆபத்துதான். தோள் மூட்டு இறுகிவிட்டால் பிரித்தெடுக்க மாதங்கள் ஆகும். அளவுக்கு மீறித் தூக்குபவர்களைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள், அசையவே அசையாதவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வண்டி ஓட்டுவது? தூக்கம் வரவழைக்கும் வலி மாத்திரைகளை நிறுத்தியிருக்க வேண்டும். ஸ்டியரிங்கைச் சட்டென முழுதாகத் திருப்ப முடிய வேண்டும். இரண்டும் இல்லாமல் ஓட்ட வேண்டாம். சீட் பெல்ட்டுக்கும் மார்புக்கும் நடுவில் சிறு துண்டு ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

நான்கிலிருந்து ஆறு வாரம்: இடுப்புக்குக் கீழே

கால்களுக்கு விடுதலை கிடைக்கும் கட்டம் இது. நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள், எடையில்லாத பஸ்கி, படி ஏறி இறங்குவது, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது, வேக நடை.

ஜிம்முக்கே போவதானால் சில பொறிகள் காத்திருக்கும். லெக் பிரஸ் கால் பயிற்சிதான், ஆனால் எடைத்தட்டைத் தூக்கி மாட்டுவது கை. சைக்கிளில் முன்னால் குனிந்து கைப்பிடியில் சாய்ந்தால் உடம்பின் பாரம் மார்புக்கு வரும், நிமிர்ந்து உட்காருங்கள். இரண்டு கையிலும் டம்பலைத் தொங்கவிட்டுப் பஸ்கி போட்டால் தோள் கீழே இழுபட்டு மார்புத் தோலும் இழுபடும். பார்பெல்லை முதுகில் வைத்துப் பிடிக்கக் கையைப் பின்னால் விரிக்க வேண்டும், அது இன்னும் மோசம். கூடவே யாரையாவது அழைத்துப் போங்கள், அல்லது வீட்டிலேயே செய்யுங்கள். என்னைக் கேட்டால் வீடு.

ப்ளாங்க் (முழங்கையையும் கால் விரல்களையும் ஊன்றி உடலை நேராக நிறுத்துவது) வயிற்றுப் பயிற்சிதானே என்று நினைக்க வேண்டாம், பாதி எடை தோளிலும் மார்பிலும்தான் நிற்கிறது. யோகா செய்பவர்கள் கையை ஊன்றும் ஆசனங்களையும், மார்பைப் பின்னால் வளைத்து விரிக்கும் ஆசனங்களையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். புஜங்காசனம் இரண்டிலும் வரும்.

காயம் முழுதாக மூடி, பொருக்கு எல்லாம் உதிர்ந்த பிறகு தழும்புப் பராமரிப்பு தொடங்கும். சிலிகான் ஜெல் அல்லது சிலிகான் பட்டை, தினமும், மாதக்கணக்கில். மருத்துவர் சரி என்றதும் விரல் நுனியால் தழும்பை அழுத்தி மெதுவாக வட்டமாகத் தேய்க்கலாம். அடியிலிருக்கும் திசுவோடு தழும்பு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இது உதவும். தோள் நன்றாக அசைய இதுவும் ஒரு காரணம். கருமையான தோலில் தழும்பு தடிக்கும் வாய்ப்பு அதிகம். குடும்பத்தில் யாருக்காவது கீலாய்டு (காயத்தின் எல்லையைத் தாண்டித் தடித்து வளரும் தழும்பு) வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சிலருக்கு இந்தக் காலத்தில் அக்குளிலிருந்து கைக்கோ, மார்புக்குக் கீழே வயிற்றை நோக்கியோ, இழுத்துக் கட்டிய நூல் போல ஒன்று தோலுக்கு அடியில் புடைத்து நிற்கும். கையைத் தூக்கினால் சுண்டும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பொதுவாகச் சில வாரங்களில் தானாகவே இளகிவிடும். பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தரும் இதமான நீட்டல்கள் வேகப்படுத்தும். மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகானவர்களைப் பார்த்துப் பழகிய பிசியோதெரபிஸ்ட்டுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கும். டாப் சர்ஜரி என்ற சொல்லையே கேள்விப்படாதவரிடம்கூட, "இரண்டு பக்க மார்புத் திசுவும் எடுத்தாச்சு" என்றால் பாதி வேலை முடிந்தது.

ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம்: ஓட்டம், முதுகு, கை

மருத்துவரின் சம்மதத்தோடு ஓட்டத்தைத் தொடங்கலாம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி. குதிக்கும்போது தோல் அதிர்வது பிடிக்காவிட்டால் இறுக்க உடுப்பையோ இறுக்கமான பனியனையோ போட்டுக்கொள்ளுங்கள். மார்பைத் தட்டையாகக் காட்ட முன்பு கட்டிய பழைய பைண்டரை எடுக்காதீர்கள். மூச்சை அடைக்கும், தழும்பை உரசும்.

எடைப் பயிற்சியில் முதலில் முதுகு. ரெசிஸ்டன்ஸ் பேண்டை (இழுத்தால் நீளும் ரப்பர் பட்டையை) இடுப்பு உயரத்தில் கட்டி, முழங்கையைப் பின்னால் இழுக்கும் பயிற்சி நல்ல தொடக்கம். பல வருடம் பைண்டர் கட்டியவர்களுக்கும், மார்பை மறைக்கக் கூன் போட்டே நடந்தவர்களுக்கும் தோள் முன்னால் சுருண்டு, மேல் முதுகு வளைந்திருக்கும். இப்போது மறைக்க எதுவும் இல்லாவிட்டாலும் உடம்பு பழக்கத்தை விடாது. முதுகை வலுவாக்கினால்தான் நெஞ்சு நிமிரும். அதற்காக முதல் வாரமே தோளைப் பின்னால் முறுக்கி நிற்க வேண்டாம், தழும்புக்கு அதுவும் ஓர் இழுப்புதான்.

கைக்கு 1 அல்லது 2 கிலோவில் தொடங்குங்கள். அவமானமாக இருக்கலாம், இருக்கட்டும். வாரத்துக்கு ஒரு படி மட்டும் ஏற்றுங்கள். ஒரே நாளில் எடையையும் தடவைகளையும் சேர்த்துக் கூட்டாதீர்கள். மறுநாள் காலையில் கண்ணாடி முன் நில்லுங்கள். தழும்பு முந்தைய நாளைவிடச் சிவந்திருக்கிறதா, அகன்றிருக்கிறதா, ஓரம் வீங்கியிருக்கிறதா? ஆம் என்றால் முந்தைய படிக்கு இறங்கி ஒரு வாரம் அங்கேயே இருங்கள். வாரத்துக்கு ஒரு படம், அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் எடுத்தால் ஒப்பிட எளிது.

டெஸ்டோஸ்டிரோன் எடுப்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. தசை சீக்கிரம் வளரும், அதை எலும்போடு பிணைக்கும் தசைநாண் அதே வேகத்தில் வலுப்படாது. "நேற்றைவிட இன்று அதிகம் தூக்க முடிகிறது" என்பது தூக்கியே ஆக வேண்டும் என்பதற்குக் காரணம் இல்லை.

மூன்று மாதத்துக்குப் பிறகு: மார்பு

எல்லோரும் காத்திருந்தது இதற்குத்தான். தண்டாலை இப்படி ஏறுங்கள்: முதலில் சுவரில் கையூன்றி, பிறகு மேசை உயரத்தில், பிறகு தாழ்ந்த பெஞ்சில், பிறகு தரையில் முழங்காலூன்றி, கடைசியில் முழுத் தண்டால். ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஒரு வாரம்.

பெஞ்ச் பிரஸ்ஸுக்கு முதலில் வெறும் கம்பியைக்கூட எடுக்க வேண்டாம், அந்த நீளக் கம்பியே 20 கிலோ. சின்ன டம்பல்களோடு தரையில் படுத்துச் செய்தால் முழங்கை தரையைத் தொட்டு நின்றுவிடும், மார்பு அளவுக்கு மீறி விரியாது. கைகளை அகல விரிக்கும் ஃப்ளை, இரண்டு கம்பிகளுக்கு நடுவே இறங்கும் டிப்ஸ், தொங்கிச் செய்யும் புல்-அப் மூன்றும் கடைசி வரிசை. இவற்றில் எடையைவிட, கீழ்நிலையில் தோல் முழுதாக இழுபடுவதுதான் பிரச்சினை. நான்கு, ஐந்து மாதம் வரை தள்ளிப்போட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

மோதி விளையாடும் ஆட்டங்கள், தற்காப்புக் கலைகள், பந்து நெஞ்சில் படக்கூடிய விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் மூன்று மாதமாவது வேண்டும். மரத்துப்போன மார்பில் அடி விழுந்தால் எவ்வளவு பலமாக விழுந்தது என்று உங்களுக்கே தெரியாது. விளையாடி முடித்ததும் சட்டையைக் கழற்றிப் பாருங்கள்.

நீச்சலுக்கு இரண்டு தனித்தனி அனுமதிகள் தேவை. தண்ணீருக்குள் இறங்க, காயமும் ஒட்டிய முலைக்காம்பும் ஒரு புள்ளிகூடத் திறந்திருக்கக் கூடாது. பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம். கையை வீசி நீந்த, தோள் முழுதாக அசைய வேண்டும். அதற்கு இன்னும் கொஞ்ச காலம் ஆகும். நடுவில் இடுப்பளவு தண்ணீரில் நடக்கலாம்.

சட்டையில்லாமல் வெயிலில் ஓட, நீந்த ஆசைப்படுவீர்கள். ஆசைப்படாமல் எப்படி? முதல் ஒரு வருடம் தழும்பில் நேரடி வெயில் பட்டால் அது நிரந்தரமாகக் கறுத்துவிடலாம். எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, தண்ணீரிலிருந்து ஏறியதும் மறுபடி. மரத்த தோல் வெந்தாலும் எரியாது என்பதால் நிழலுக்குப் போகும் நேரத்தைக் கடிகாரம் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தழும்பு முதிர்ந்து நிறம் மங்க 12 முதல் 18 மாதம் ஆகும். அக்குள் ஓரத்தில் தோல் மடிப்பு துருத்திக்கொண்டிருந்தால் அதைத் திருத்தும் சிறு அறுவையைப் பற்றிப் பேசவே மருத்துவர்கள் வழக்கமாக ஆறு மாதமாவது காத்திருக்கச் சொல்வார்கள், பலர் ஒரு வருடம். அப்படி ஒன்று செய்துகொண்டால், எவ்வளவு சிறியதாக இருந்தாலும், எடைக்கும் கை உயரத்துக்குமான நாட்களைப் புதிதாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.